எழுபது வயதுக்கு உட்பட்ட பல்

எழுபது வயதைத் தாண்டிய பல்லுக்குக் காப்புறுதி கிடையாது என்பதை சுலக்ஷனா மூன்று தடவை சொன்னாள். முதல் தடவை தாளைக் காட்டிச் சொன்னாள். இரண்டாம் தடவை கம்ப்யூட்டரை அவன் பக்கம் திருப்பிச் சொன்னாள். விஜிதரன் கதிரையை விட்டு எழுந்திருக்காததைப் பார்த்து, மூன்றாம் தடவை குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"ஒங்க அம்மாவோட அடையாள அட்டையில பொறந்தது ஐம்பத்திநாலாம் வருசம்னு போட்டிருக்கு. எழுபத்தொண்ணு. சிஸ்டம் எடுக்காது விஜிதரன்."

"ஒரு வருசந்தானே மிஸ் கூட?"

"ஒரு நாள் கூடினாலும் எடுக்காது. இந்தா பாருங்க, செவப்பு வந்துருச்சு."

"அறுபத்தொம்பதுன்னு அடிச்சுப் பாருங்களேன்."

"அடிக்கலாம். நாளைக்குக் கொழும்புல ஐ.சி. நம்பர வச்சுப் பார்த்தா ஒங்களுக்கும் வேல போகும், எனக்கும் போகும். அப்பறம் ரெண்டு பேரும் எங்கப்பா கடையில ஒக்காந்து சேல மடிக்கலாம்."

அவள் அப்பாவுக்கு ஹட்டன் கடைவீதியில் புடவைக்கடை. அவளுக்கு மனமில்லாமல் இல்லை. அந்தத் துணி ஃபேக்டரியின் ஆபீசில், தையல் மெஷினில் இருப்பவனை உட்காரச் சொல்லிப் பேசுகிற ஒரே ஆள் அவள்தான். ஆனால் அவளிடமும் சிவப்புக் கட்டத்தைப் பச்சையாக்கும் பொத்தான் இல்லை.

அந்த வருடம்தான் கம்பெனி புதிதாக ஒரு காப்புறுதி கொடுத்திருந்தது. வேலையாள் தன் தாய் தகப்பனில் ஒருவரைச் சேர்த்துக்கொள்ளலாம். கண், காது, பல் எல்லாம் அடக்கம். ஏற்கனவே இருக்கும் நோயையும் முதல் வருடத்தில் ஒத்துக்கொள்வார்கள். தாடை ஆபரேஷன் என்று ஒரு வரி தனியாகவே இருந்தது. அந்த வரியை விஜிதரன் நோட்டீஸ் பலகையில் நின்று ஆறேழு முறை வாசித்திருப்பான். வருடத்தில் ஒரு முறைதான் பெயர் எடுப்பார்கள். வெள்ளிக்கிழமை நாலு மணியோடு முடிகிறது. அன்று திங்கள்.

மேசையில் இருந்த படிவத்தின் அடியில் அம்மா போட்ட கையெழுத்து இருந்தது. அழகம்மா. ஐந்து எழுத்தும் ஐந்து முட்டை மாதிரி. தேயிலைத் தோட்டத்து வேலையை விட்டு சேமலாப நிதிக் காசு எடுக்கிற காலத்தில், ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடும் பெரட்டில் எல்லோர் முன்னாலும் விரலில் மை தடவ வெட்கப்பட்டு, இரண்டு வாரம் சிலேட்டில் எழுதிப் பழகிய கையெழுத்து. அதற்குப் பிறகு அவள் எங்கேயும் கைநாட்டு வைத்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை வீங்கிய தாடையை ஒரு கையால் தாங்கிக்கொண்டு மறு கையால் இதையும் போட்டுக் கொடுத்திருந்தாள்.

"வேற வழி ஏதும் இருக்கா மிஸ்?"

"வயசு தப்புன்னு காட்டினா பார்க்கலாம். பொறப்புப் பத்திரத்துல வேற வருசம் இருந்து, ஐ.சி.யில தப்பா விழுந்திருந்தா. தோட்டத்து ஆளுகளுக்கு அப்படி நெறைய இருக்குமே. வீட்டுல கேட்டுப் பாருங்க."

அவன் மெஷினுக்குத் திரும்பிப் போய் அன்று நூற்றுப் பத்து காலர் தைத்தான். எல்லாக் காலரும் ஒழுங்காகத்தான் இருந்தன.

நோர்வூட்டில் பஸ் இறங்கி, தோட்டத்து ரோட்டில் துஷாந்தின் ஆட்டோ கிடைத்ததால் வரிசை வீடுகளான லயத்துக்குச் சீக்கிரமே வந்துவிட்டான். துஷாந்த் பக்கத்துக் காம்பராக்காரன், ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் வீடு. கூடப் படித்தவன், கூடவே படிப்பை விட்டவன்.

"என்ன மச்சான், இன்சூரன்ஸ் கெடச்சுதா?"

"அம்மாவுக்கு வயசு கூடிப்போச்சாம்."

"எனக்கும் வயசு கூடிப்போச்சுன்னுதான் மூணு எடத்துல பொண்ணு குடுக்கல. ஒங்கம்மா பரவாயில்ல, எழுபத்தொண்ணு வரைக்கும் தாங்கிருச்சு."

விஜிதரன் சிரிக்கவில்லை. 

காம்பராவுக்குள் நுழைந்ததும் முதலில் வந்தது நாற்றம். அவன் முகம் தானாகச் சுளித்தது. சுளித்ததை அவள் பார்த்துவிட்டாள். தினமும் இதேதான் நடந்தது. இரண்டு மாதத்துக்கு முன் கீழ்க் கடவாய்ப்பல் ஒன்று உடைந்தது. அதில் கராம்பையும் புகையிலையையும் அடைத்து வைத்துக்கொண்டு இரண்டு வாரம் ஒன்றும் சொல்லாமல் கொழுந்துக் காட்டுக் கதை பேசித் திரிந்தாள். முகம் வீங்கிய பிறகுதான் சொன்னாள். ஆஸ்பத்திரியில் பல்லைப் பிடுங்கினார்கள். பல் வந்தது, சீழ் நிற்கவில்லை. சீனி வியாதிக்காரி. தாடை எலும்புக்குள் இறங்கிவிட்டது, எலும்பைத் திறந்து சுரண்ட வேண்டும், அதற்குக் கண்டிக்குப் போக வேண்டும் என்று தேதி எழுதிக் கொடுத்தார்கள். மார்ச் பதினெட்டு. இது நவம்பர். அங்கே வரிசையில் இவளுக்கு முன்னால் இருந்த அத்தனை பேருக்கும் தாடையும் அவசரமும் இருந்தது. யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை. ஹட்டனில் காசு கொடுத்துப் பார்த்த பல் டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, மார்ச் வரைக்கும் இது காத்திருக்காது என்றார். கண்டியில் தனியார் ஆஸ்பத்திரி என்றால் அடுத்த கிழமையே செய்யலாம். அவர் சொன்ன தொகை விஜிதரனின் ஏழு மாதச் சம்பளம். முன்பணம், சீட்டு, கடன் என்று எடுக்கக்கூடியதையெல்லாம் ஸ்கேனுக்கும் மருந்துக்கும் எடுத்து முடித்திருந்தான்.

அம்மா அடுப்படியில் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தாள். தாடையைச் சுற்றிப் பழைய சேலைத் துண்டு. கஞ்சியைக் கரண்டியால் இடது கன்னப் பக்கமாக ஊற்றி, தலையைச் சாய்த்து இறக்கிக்கொண்டிருந்தாள்.

"என்னா சொன்னாங்க?"

"எழுபதுக்குள்ள இருந்தாத்தான் எடுப்பாங்களாம். ஒனக்கு எழுபத்தொண்ணு."

அவள் பக்கத்திலிருந்த பால்மா டின்னில் துப்பினாள். துப்பி முடிக்க நேரம் எடுத்தது.

"எனக்கு எழுபத்தொண்ணு இல்ல."

"ஐ.சி.யில போட்டிருக்கே."

"அது எங்க அக்காவுக்கு."

"ஒனக்கு ஏது அக்கா?"

"இருந்துச்சு. அழகம்மான்னு பேரு."

விஜிதரன் அவளுக்குக் காய்ச்சல் தலைக்கேறிவிட்டது என்று நினைத்தான். நெற்றியில் கை வைத்துப் பார்த்தான். சூடுதான், ஆனால் அவ்வளவு இல்லை.

"கையெடு. நல்லாத்தான் பேசுறேன். என் பேரு வேலாயி."

வாயை முழுதாகத் திறக்க முடியாமல், பல்லிடுக்கால் துண்டு துண்டாக அவள் சொன்னதைச் சேர்த்துப் பார்த்தால் இதுதான். அக்காவுக்குப் பதினாறு வயது. தோட்டத்தில் முழுச் சம்பள ஆளாகப் பேர் பதிந்து கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். எழுபதாம் வருடம், மாரிக் காலத்தில் காய்ச்சல் கண்டு மூன்றே நாளில் போய்விட்டாள். அப்பனுக்குத் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பட்டுக் கால் வராமல் கிடந்த நேரம். தோட்டத்து வேலையாள் பதிவான செக்ரோலில் அந்த வீட்டுக்கு மிச்சமிருந்தது அந்த ஒரு பேர்தான். பேர் விழுந்தால் காம்பராவை வேறு குடும்பத்துக்குக் கொடுத்துவிடுவார்கள். அப்பன் நொண்டிக்கொண்டே போய் கங்காணியின் காலில் விழுந்தான். கங்காணி கணக்கப்பிள்ளையிடம் பேசினான். சாவை யாரும் எழுதவில்லை. திங்கட்கிழமை விடியப் பெரட்டில், பன்னிரண்டு வயது வேலாயி அக்காவின் படங்குச் சாக்கை இரண்டு மடிப்பு மடித்து இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றாள்.

"அழகம்மான்னு கூப்பிட்டாங்க. நான் கைய தூக்குனேன். துரை என்னையப் பார்த்தாரு. போன கெழம வந்தவ வளந்தவளா இருந்தாளே, இவ குட்டையா இருக்காளேன்னு யோசிச்சிருப்பாரு. கங்காணி சொன்னாரு, காய்ச்சல்ல எளச்சுப் போச்சுன்னு. துரை சிரிச்சுட்டுப் போயிட்டாரு."

"அப்பறம் மாத்தலியா?"

"எப்ப மாத்துறது? பிரஜாவுரிமைக்கு எழுதுனப்ப அந்தப் பேரு. ஐ.சி.க்கு அந்தப் பேரு. ஒங்கப்பனக் கட்டுனப்ப அந்தப் பேரு. ஒங்கப்பனுக்குத் தெரியும். கடைசி வரைக்கும் வேலான்னுதான் கூப்பிட்டாரு. நீ அத முருகன் வேலுன்னு நெனச்சிருப்ப."

அவன் அப்படித்தான் நினைத்திருந்தான்.

செத்துப்போன பெரியம்மாவைப் பற்றி ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். எங்கே புதைத்தார்கள், எப்படி இருப்பாள் என்று ஏதாவது. அவன் கேட்கவில்லை. அவன் மனதில் ஓடியது ஒரே கணக்கு.

"நீ எந்த வருசம் பொறந்த?"

"பெரிய வெள்ளம் வந்துச்சுல்ல, அதுக்கு அடுத்த மாசம்."

"அக்காவுக்கும் ஒனக்கும் எத்தன வயசு வித்தியாசம்?"

"நாலு."

அறுபத்தேழு. அந்த நாற்றத்துக்கு நடுவில் உட்கார்ந்து விஜிதரன் இரண்டு மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாகப் பல் தெரியச் சிரித்தான்.

"ஒனக்குப் பொறப்புப் பத்திரம் இருக்காம்மா?"

"எங்கிட்ட ஏது. அப்பல்லாம் தோட்டத்துல புள்ள பொறந்தா டிஸ்பென்சரியில எழுதி, நுவரெலியா கவர்மெண்டு கச்சேரிக்கு அனுப்பிருவாங்க. அங்க கெடக்குமோ என்னமோ."

புதன்கிழமை சம்பளமில்லாத லீவில் நுவரெலியாவுக்கு பஸ் ஏறினான். கச்சேரியில் கம்பளிச் சட்டை போட்ட சிங்கள அம்மா ஒருத்தி, தகப்பன் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் கேட்டுக்கொண்டு உள்ளே போனாள். ஒரு மணி நேரம் கழித்து, இரண்டு கையாலும் தூக்க வேண்டிய ஒரு புத்தகத்தோடு வந்தாள். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு விரலை ஓட்டினாள். வேலாயி. ஐம்பத்தெட்டு, ஜனவரி இருபத்தொன்று. தகப்பன் பெயர், தாய் பெயர், லயத்து நம்பர் வரைக்கும் இருந்தது. தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுதிய எவனோ ஒருத்தனின் அழகான சாய்ந்த எழுத்து. விஜிதரனுக்கு அந்தப் பக்கத்தைத் தொட்டுக் கும்பிட வேண்டும் போல இருந்தது.

அவள் நல்லவள். கேட்காமலே இன்னொரு புத்தகத்தையும் புரட்டி, ஐம்பத்திநாலில் அதே தாய் தகப்பனுக்கு ஒரு பெண் இருப்பதைக் காட்டினாள். அக்காவா என்று கேட்டாள். ஆமாம் என்றான். அக்கா இறந்துவிட்டாளா என்று சிங்களத்தில் கேட்டாள்.

விஜிதரன் ஒரு நொடி யோசித்தான்.

"நே நோனா. இன்னவா."

இல்லை, இருக்கிறார். அவள் தலையாட்டிவிட்டு வேலாயியின் பக்கத்தை மட்டும் பிரதி எடுத்து, முத்திரை குத்தி, வியாழக்கிழமை வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னாள். அவன் மறுபடி ஒரு நாள் லீவு போட்டு, மறுபடி மூன்று பஸ் மாறிப் போய் வாங்கி வந்தான்.

வியாழன் பின்னேரம் அம்மாவின் வீக்கம் தாடையிலிருந்து கழுத்துக்கு இறங்கியிருந்தது. தோல் பளபளவென்று இழுபட்டு நின்றது. நாக்கு மேலே தள்ளிக்கொண்டு வந்ததால் பேச்சு குழறியது. தாளைக் காட்டினான். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. முத்திரையைத் தடவிப் பார்த்தாள்.

"அப்பன் பேரு சரியா போட்டிருக்கா?"

"போட்டிருக்கு."

"என் பேரு?"

"அதுவும் இருக்கு."

"சொல்லு."

"வேலாயி."

அவள் முத்திரையிலிருந்து விரலை எடுத்தாள். பிறகு டின்னை இழுத்துத் துப்பினாள்.

"நான் செத்தா இத வச்சு எழுது."

"இப்ப ஏன் அந்தப் பேச்சு? நாளைக்குக் குடுத்தா ஒண்ணாந் தேதியில இருந்து இன்சூரன்ஸ். ரெண்டாந் தேதி கண்டிக்குப் போறோம்."

"போவோம். நான் சொல்றத கேளு. அவ ஒருக்கா செத்துட்டா. இன்னொருக்கா அவளச் சாகடிக்காத."

"ஆஸ்பத்திரிக்குப் போவோமா இப்பவே?"

"போனா தேதி கேப்பாங்க. மார்ச்சும்பாங்க. மாத்திரையக் குடுத்துத் திருப்பி அனுப்புவாங்க. போன கெழம அனுப்புனாங்கல்ல. நீ நாளைக்குப் போயி பேரக் குடுத்துட்டு வா."

வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டு மணி அடித்ததும் விஜிதரன் ஆபீசுக்கு ஓடினான். கூட்டம். காப்புறுதியில் பேர் கொடுக்கிற கடைசி நாள் என்பதால் வாசலுக்கு வெளியே வரைக்கும் ஆட்கள். அவன் முறை வந்தபோது மூன்று மணியாகிவிட்டது. பையிலிருந்து தாளை எடுத்துக் கொடுத்தான். சுலக்ஷனா அதை வாசித்தாள். மறுபடியும் வாசித்தாள்.

"இது யாரு, வேலாயி?"

"அம்மா மிஸ். அதுதான் உண்மையான பேரு." அவன் கதையைச் சொன்னான். முந்தின நாள் பஸ்ஸில் வரும்போது பழகி வைத்திருந்ததால் சுருக்கமாகச் சொல்ல முடிந்தது.

சுலக்ஷனா அவனுடைய ஃபைலைத் திறந்து, வேலைக்குச் சேர்ந்தபோது கொடுத்த அவனது பிறப்புப் பத்திரத்தை எடுத்தாள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"ஒங்க பத்திரத்துல தாய்ங்கிற எடத்துல என்ன போட்டிருக்கு?"

அவன் பார்க்கவில்லை. பார்க்காமலே தெரிந்துவிட்டது. மூன்று நாளும், மூன்று பஸ்ஸும், சாய்ந்த எழுத்தும் முத்திரையும் எல்லாம் இருந்தும், இந்த ஒரு விஷயம் அவன் தலைக்குள் வரவே இல்லை.

"அழகம்மா," என்றாள் அவள். "அப்ப இந்த வேலாயி ஒங்களுக்கு யாரு?"

"அம்மா."

"பேப்பர்ல?"

அவன் வேலாயியின் தாளை அவள் பக்கம் இன்னும் நகர்த்தினான்.

"பேப்பர்ல சித்தி," என்றாள். "சித்திக்கு இன்சூரன்ஸ் இல்ல விஜிதரன். தாய் தகப்பன் மட்டுந்தான். அழகம்மா ஒங்க தாய், அவங்களுக்கு வயசு கூடிப்போச்சு. இவங்களுக்கு வயசு சரி, ஆனா இவங்க ஒங்க தாய் இல்ல. ஐ.சி.யும் இல்ல இவங்களுக்கு. பொறந்ததப் பதிஞ்சதுக்கு அப்பறம் இவங்க எந்தத் தாள்லயும் இல்ல."

"ரெண்டு பேரும் ஒரே ஆளு மிஸ். நான் சத்தியக் கடதாசி எழுதித் தாரேன். சமாதான நீதவான்கிட்ட கையெழுத்து வாங்குறேன். தோட்டம் முழுக்க சாட்சி சொல்லும்."

"தோட்டம் முழுக்க சொல்லுமா? ஐம்பத்தஞ்சு வருசத்துக்கு முந்தி பெரட்டுல நின்னவங்க எத்தன பேர் இருக்காங்க?"

இரண்டு பேர் இருந்தார்கள். ஒருத்திக்கு காது கேட்காது. மற்றவளுக்கு யாரையும் அடையாளம் தெரியாது.

சுலக்ஷனா வாசலில் நின்றவர்களைப் பொறுக்கச் சொல்லிவிட்டு கொழும்புக்குப் போன் எடுத்தாள். சிங்களத்தில் பேசினாள், பிறகு இங்கிலீசில் பேசினாள். விஜிதரன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் 'அவரோட அம்மாதான்' என்று இரண்டு முறை சொன்னது அவனுக்கு விளங்கியது. மறுபக்கத்தில் யாரோ நீளமாகப் பேசினார்கள். அவள் போனை வைத்தாள்.

"ஐ.சி. மாத்திட்டு அடுத்த வருசம் வரச் சொல்றாங்க."

"அடுத்த வருசம் ஆளு இருக்கணுமே மிஸ்."

"அது அவங்க படிவத்துல இல்ல." சொன்ன பிறகு அவளுக்கே கேட்கச் சகிக்கவில்லை போலும், தாளை மடித்து உறையில் போட்டு அவன் கையில் கொடுத்தாள். "இன்னொண்ணும் சொல்றேன். இத வேற யாருகிட்டயும் காட்டாதீங்க. சேமலாபக் காசெல்லாம் அந்தப் பேருல எடுத்திருப்பாங்க. யாராவது கேள்வி கேட்க ஆரம்பிச்சா அது வேற தொல்ல. நான் இதப் பார்க்கல."

சுவர்க் கடிகாரம் நாலு மணியைத் தாண்டியிருந்தது. பின்னால் நின்ற பெண் அவனைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள், அவளுக்கு ஐம்பது வயதில் ஒரு தாய் இருந்தாள். அவன் வெளியே வந்தபோது போன் அடித்தது.

"டேய் எங்கடா இருக்க? எத்தன தடவ எடுக்குறது?" துஷாந்தின் குரலில் இந்த முறை பகிடி இல்லை. "அம்மா தண்ணிய முழுங்க மாட்டேங்குது. மூச்சு வேற மாதிரி இருக்கு. நான் ஏத்திட்டேன். நீ ஃபேக்டரி வாசல்ல வந்து நில்லு, வந்துக்கிட்டு இருக்கேன்."

வண்டியில் அவள் படுக்கவில்லை. படுத்தால் மூச்சு வரவில்லை. முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தாள். வாயிலிருந்து எச்சில் நூலாக ஒழுகி மடியில் விழுந்தது. விஜிதரன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்ததும் அவள் கண்ணைத் திருப்பி அவனைப் பார்த்தாள். கேள்வி அதில் இருந்தது.

"எடுத்துட்டாங்கம்மா," என்றான். "பேரு சேர்த்துக்கிட்டாங்க."

அவள் நம்பினாளா இல்லையா என்று அவனுக்குத் தெரியவில்லை. துஷாந்த் கண்ணாடியில் அவனை ஒரு பார்வை பார்த்தான். பொய் என்று துஷாந்துக்குத் தெரிந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் இந்தத் தடவை யாரும் மார்ச் என்று சொல்லவில்லை. இளம் டாக்டர் ஒருவர், சிங்களவர், கழுத்தில் ஒரு விரலை வைத்து அழுத்தியதும் அவர் முகம் மாறியது. உள்ளே பார்த்து எதையோ கத்தினார். ஒட்சிசன் வந்தது, ஊசி வந்தது, கண்டிக்குப் போன் போனது. இரண்டு மாதம் நகராத வரிசை பத்து நிமிடத்தில் நகர்ந்தது.

"ஏன் இவ்வளவு லேட்?" டாக்டர் தமிழில் கேட்டார்.

விஜிதரன் தேதி எழுதிய கார்டைக் காட்டினான். டாக்டர் அதைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். 

"தொண்டை மூடுது. இப்ப போனா அங்க உடனே எடுப்பாங்க. வழியில என்ன ஆகும்னு சொல்ல முடியாது. விளங்குதா?"

"விளங்குது டாக்டர்."

நர்ஸ் ஒருத்தி பலகையில் தாளைச் செருகிக்கொண்டு வந்தாள். பெயர் கேட்டாள், வயது கேட்டாள். சட்டைப் பைக்குள் உறை இருந்தது. கையில் கிளினிக் கொப்பி இருந்தது. சீனி அளவு, மருந்து, ஸ்கேன் எல்லாம் அந்தக் கொப்பியில்தான், அந்தப் பெயரில்தான். இந்த நேரத்தில் வேறு பெயரைச் சொன்னால் கண்டியில் அவளை யாரென்று தேடுவார்கள். தேடி முடிக்கிற வரைக்கும் அவள் இருக்க வேண்டும்.

"அழகம்மா," என்றான். "எழுபத்தொண்ணு."

அம்மா அதைக் கேட்டாள். அவனைப் பார்க்கவில்லை. நேராகச் சுவரைப் பார்த்துக்கொண்டு மூச்சை இழுத்தாள்.

ஆபரேஷனுக்கு ஒப்புதல் கையெழுத்து வேண்டும். நர்ஸ் கொப்பியைப் புரட்டினாள். அட்டையின் உள்பக்கத்தில் ஐந்து முட்டை எழுத்தும் வரிசையாக இருந்ததைக் கண்டு, நோயாளியே போடுவார் என்று சிங்களத்தில் சொல்லிப் பேனையை அவள் விரல்களுக்கிடையில் வைத்தாள். அம்மா பேனையைப் பிடித்தாள். பிறகு அதைப் பலகைமேல் வைத்து, நர்சின் பக்கம் உருட்டிவிட்டாள். கட்டைவிரலை நீட்டினாள்.

"அத்சன் புளுவன் நே?" நர்ஸ் அவனிடம் திரும்பினாள். கையெழுத்துப் போட முடியும்தானே?

"அம்மா, கையெழுத்துப் போடும்மா. நேரமாகுது."

அவள் அசையவில்லை. நீட்டிய விரல் அப்படியே நின்றது. பெரட்டில் எல்லோரும் பார்க்க மை தடவ வெட்கப்பட்டவள், இப்போது அவசரப் பிரிவு முழுவதும் பார்க்க விரலை நீட்டிக்கொண்டிருந்தாள். நர்ஸ் அலுத்துக்கொண்டு மேசைக்குப் போய் மைப்பெட்டியைத் தேடி எடுத்து வந்தாள். கோட்டுக்கு மேலே, கொழுந்துக் கறை ஏறிப் பிளந்துபோன விரலின் ரேகை நீலமாக விழுந்தது. அதற்குப் பக்கத்தில் நர்ஸ் அழகம்மா என்று எழுதினாள். அம்மா மைபட்ட விரலைச் சேலையில் துடைக்காமல் மடக்கி வைத்துக்கொண்டாள்.

அம்புலன்ஸ் வாசலுக்கு வந்து நின்றது. அவளைச் சாய்ந்து உட்கார்ந்தபடியே ஏற்றினார்கள். துஷாந்தும் விஜிதரனும் பின்னால் ஓடினார்கள். டிரைவர் கையை நீட்டி மறித்தான்.

"ஒரு ஆளுதான் வரலாம். நீ யாரு?"

"மகன்."

"ஏறு."

அவன் ஒன்றும் காட்டச் சொல்லவில்லை. விஜிதரன் ஏறினான். துஷாந்த் கதவைச் சாத்தும் முன் தன்னிடமிருந்த காசையெல்லாம் சுருட்டி அவன் கையில் திணித்து, "போன் எடுடா, எடுக்காம விட்டியோ கொன்னுருவேன்," என்றான்.

வண்டி வளைவுகளில் ஆடியது. மழை தொடங்கியிருந்தது. ஒவ்வொரு வளைவிலும் அவள் மூச்சு நின்று, பிறகு கிழிந்த துணி மாதிரி ஒரு சத்தத்தோடு மறுபடி வந்தது. அவன் அவள் எச்சிலைத் துடைத்தான். துடைத்த துணி முழுவதும் சீழ். முகம் சுளிக்கவில்லை என்று பிறகுதான் கவனித்தான். அவள் காதுக்குப் பக்கத்தில் குனிந்து, உறைக்குள் இருந்த அந்தப் பெயரைச் சொன்னான். ஒட்சிசன் சத்தத்தில் அது கேட்டதோ என்னவோ, மைபட்ட விரல் அவன் மணிக்கட்டைப் பிடித்தது.

கண்டிக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது.